எரிபொருள் இருந்தும் ஏன் இறங்கினார்? கோழிக்கோடு விபத்தும் விமானிகள் மீதான அழுத்தமும்

2020 ஆகஸ்ட் 7ஆம் திகதி இரவு, டுபாயிலிருந்து 190 பேருடன் வந்த எயார் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் கடும் மழைக்குள் கோழிக்கோட்டில் தரையிறங்கியது. ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து பிளந்தது. விமானிகள் இருவர் உட்பட 21 பேர் உயிரிழந்தனர். கொரோனாக் காலத்தில் வளைகுடாவில் சிக்கியிருந்தவர்களை வீடு சேர்ப்பதற்காக இயக்கப்பட்ட பறப்பு அது. எமது ஊர்களிலிருந்தும் அதே வளைகுடாவுக்குத்தான் பிள்ளைகள் போய் வருகிறார்கள்.

எரிபொருள் தீர்ந்துபோய் வேறு வழியின்றி இறங்கினார்களா? இல்லை. வேறொரு விமான நிலையத்திற்குச் செல்லப் போதிய எரிபொருள் இருந்தது என்பதே, 2021 செப்டெம்பரில் வெளியான இந்திய விசாரணை அறிக்கையிலிருந்து தெரியவருவது.

விமானத்தில் ஏற்றப்படும் எரிபொருளுக்கு ஒரு கணக்கு உண்டு. பயணத்திற்கானது, எதிர்பாராத தேவைக்கு வழமையாக அதில் 5 வீதம், மாற்று நிலையத்திற்குப் போவதற்கானது, அதற்கும் மேல் 30 நிமிடம் வானில் வட்டமிடுவதற்கானது. இந்தக் கடைசி 30 நிமிடம் கைவைக்கக் கூடாத சேமிப்பு. அதில் கைவைக்க நேரும் எனத் தெரிந்தால் விமானி 'மேடே' என அவசரநிலை அறிவிக்க வேண்டும்.

வானிலை சரியில்லை என நினைத்தால் கப்டன் இன்னும் கூட்டி ஏற்றலாம். ஆனால் கூட்டி ஏற்றுவதில் மணித்தியாலத்திற்குச் சுமார் 3, 4 வீதம் அந்தப் பாரத்தைச் சுமப்பதற்கே எரிந்துவிடும். நான்கு மணிநேரப் பறப்பில் ஒரு தொன் கூட்டினால் 120 முதல் 160 கிலோ வரை வீண். எந்தக் கப்டன் எவ்வளவு கூட்டுகிறார் எனப் பட்டியல் போட்டுக் காட்டிய நிறுவனங்களும் உண்டு. பெயர் பட்டியலின் மேலே நிற்பதை எந்த ஊழியர் விரும்புவார்?

கூட்டி ஏற்றினால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. 2015 ஆகஸ்டில் டோஹாவிலிருந்து கொச்சிக்கு வந்த ஜெட் எயார்வேய்ஸ் விமானம், பார்வைப்புலம் குறைந்திருந்தும் அங்கு மூன்று முறை இறங்க முயன்றது. திட்டமிட்ட மாற்று நிலையம் பெங்களூர். அங்கு செல்வதற்கான எரிபொருள் கொச்சி வானிலேயே கரைந்தது. திருவனந்தபுரம் போனார்கள், அங்கும் மூன்று முறை முடியவில்லை. ஏழாவது முயற்சியில் இறங்கியபோது தாங்கியில் எஞ்சியிருந்தது சில நூறு கிலோ மட்டுமே. ஒருவரும் சாகவில்லை. அதனால் பலருக்கு அது நினைவிலும் இல்லை.

கோழிக்கோட்டில் நடந்தது இதற்கு எதிர்மாறு. முதல் முயற்சியைக் கைவிட்டு மேலெழுந்தது சரியான முடிவு. கப்டன் பக்கத்துக் கண்ணாடித் துடைப்பான் அப்போதே பழுது காட்டியது. அதன்பின் ஓடுபாதையின் மறுமுனையிலிருந்து, பின்னாலிருந்து தள்ளும் காற்றோடு இறங்கினார். 2,700 மீற்றர் ஓடுபாதையில் சக்கரம் தொட்டது ஏறத்தாழ நடுவில். மீண்டும் மேலெழும்படி துணை விமானி சொன்னார், கப்டன் கேட்கவில்லை. மூத்தவரின் கையிலிருந்து கட்டுப்பாட்டைப் பறிக்கும் துணிவு இளையவருக்கு வரவில்லை. 2010இல் மங்களூரில் 158 பேர் இறந்தபோதும் துணை விமானி இதையேதான் சொல்லியிருந்தார்.

அனுபவமிக்க ஒருவர் ஏன் அப்படிச் செய்தார்? அறிக்கை முதற்காரணமாகக் காட்டுவது நடைமுறைகளைக் கப்டன் பின்பற்றாததை. ஆயினும் என் பார்வையில் முக்கியமானது, துணைக்காரணமாக அது சொல்லும் இன்னொரு விடயம்தான். மறுநாள் காலை கோழிக்கோட்டிலிருந்து புறப்படும் பறப்பும் அவருடையதே. அங்கு நிறுவனம் போதிய கப்டன்களை வைத்திருக்கவில்லை. வேறிடத்தில் இறங்கினால் ஓய்வுநேர விதி குறுக்கே வரும், காலைப் பறப்புக் குழம்பும். அந்த ஆளணிப் பட்டியலை எழுதியவர் விமானத்தில் இருக்கவில்லை. இறந்தவர்மீது பழியைப் போட்டுக் கோப்பை மூடுவது எவ்வளவு இலகு என்பதை எமது வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அந்த அறிக்கை அப்படி மூடாமல், நிறுவனத்தின் பங்கையும் எழுதிப் பகிரங்கமாக வெளியிட்டது.

2019 ஒக்டோபரில் மீண்டும் திறக்கப்பட்ட பலாலிக்குச் சென்னையிலிருந்து வரும் விமானங்களுக்கும் இதே கணக்குத்தான். மாரியில், இறங்க முடியாவிட்டால் திரும்பிப் போகவோ வேறிடம் செல்லவோ எரிபொருளோடுதான் அவை புறப்பட வேண்டும். பலாலியை வானிலிருந்து கண்டுவிட்டு மறுபடி சென்னையில் இறங்கும் பயணிக்குக் கோபம் வருவது இயல்பு. அந்த இரவுக்கான தங்குமிடத்தையும் மறுநாள் ஆசனத்தையும் நிறுவனத்திடம் உரத்துக் கேட்கலாம். ஏன் இறக்கவில்லை என்று விமானியிடம் கேட்க வேண்டாம்.