மறைத்து வாங்குவது விலையாகுமா?

வங்கிகள் அளிக்கும் சௌகரியங்களுக்குச் செலவு உண்டென்றும், அவற்றை அனுபவிப்பவரே அச்செலவை ஏற்பதுதான் நியாயமென்றும் வாதிக்கும் நண்பரின் கூற்றில் முற்பாதியை நான் மறுக்கவில்லை. இயந்திரத்தில் பணம் நிரப்பவும் அதைக் காவல் காக்கவும் ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும். ஆனால், கொடுப்பவன் முன்கூட்டியே அறிந்து, வேண்டாமென்று விலகவும் சுதந்திரம் பெற்றிருக்கும்போதுதான் அது விலையாகும். பிற வங்கியின் ஏ.டி.எம்.மில் பெருநகரங்களில் மாதம் மூன்று முறைதான் இலவசம் என்பதையும், பணம் எடுக்காமல் இருப்பை மட்டும் பார்த்தாலும் அது அம்மூன்றில் ஒன்றாகிவிடும் என்பதையும், வரம்பைக் கடந்து பணம் எடுத்தால் 2025 மே முதல் தடவைக்கு 23 ரூபாய் வரையிலும், அதன்மேல் வரியும் பிடிக்கப்படலாம் என்பதையும், கூலி வந்துவிட்டதா என்று பார்க்கப் போகும் கட்டடத் தொழிலாளி எங்கே படித்து அறிவார்? குறைந்தபட்ச இருப்பு இல்லையென்று விதிக்கும் அபராதமோ எந்தச் சௌகரியத்துக்கும் விலையன்று. இல்லாதவரிடம் இல்லாமைக்காகவே பறிப்பது அது. பாரத ஸ்டேட் வங்கி சேமிப்புக் கணக்குகளுக்கு அதை 2020-இலேயே நீக்கிவிட்ட பிறகு, தவிர்க்க முடியாத செலவென்று சொல்வது எவ்விதத்திலும் பொருந்தாது. பிடிக்கப்போகும் தொகையை, பொத்தானை அழுத்துமுன், வாடிக்கையாளரின் பாஷையில் திரையிலேயே காட்ட வேண்டும்; ரிசர்வ் வங்கி அதைக் கட்டாயமாக்க வேண்டும்.