டிஸ்ட்ரக்டரை நம்பித் தரவுத்தளத்தைத் திறக்கலாமா?

தரவுத்தள இணைப்பை டிஸ்ட்ரக்டரில் மூடுவதே தூய நிரலாக்கம் என்று இன்றும் கற்பிக்கிறார்கள். சி++ மொழிக்கு அது பொருந்தும். பொருள் அழியும் இடம் அங்கே நிரலிலேயே தீர்மானமாகிறது. ஜாவாவில்? குப்பை சேகரிப்பான் விழிப்பது நினைவகம் நெருக்கும்போது. இணைப்புகள் தீரும்போது அன்று. போஸ்ட்கிரெஸ் இயல்பாக அனுமதிப்பதோ 100 இணைப்புகளே. நினைவகம் தாராளமாகக் கிடக்க, அடுத்த பயனரின் கோரிக்கை மறுக்கப்படும். இந்த வேலைக்குப் பலர் நம்பியிருந்த ஃபைனலைஸைக் கைவிடத்தக்கதென ஜாவா 2017-இலேயே அறிவித்தது. நம் பாடத்திட்டங்களுக்குச் செய்தி எட்டவில்லை போலும்.

பிஎச்பியில் கோரிக்கை முடிந்ததும் சாதாரண இணைப்பு தானே மூடிக்கொள்ளுமே என்பர். உண்மைதான். ஆனால் பின்னணியில் நாட்கணக்கில் ஓடும் நிரலுக்கு முடிவு எப்போது வரும்? இணைப்பைத் திறந்த செயற்கூறே, இடையில் பிழை நேர்ந்தாலும், அதை மூட வேண்டும். ஜாவாவில் இதற்கென்றே ட்ரை-வித்-ரிசோர்சஸ் 2011 முதல் இருக்கிறது. மாணவருக்கு முதலில் அதைச் சொல்லிக்கொடுங்கள்.