தொட்டிப் பூச்செடிக்குத் தூய மண்

மார்கழிப் பனி விலகித் தை முடியுந் தறுவாயில், கோலார் தங்கவயலில் வீட்டு முகப்பிலும் பால்கனியிலும் பூந்தொட்டி வைக்கும் ஆவல் பலருக்கு எழுகின்றது. கடல்மட்டத்திற்கு 800 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் அமைந்த இவ்வூரில் இளவேனில் விரைவில் கோடையாக முதிர்ந்துவிடும். ஆதலின் தொட்டிகளைச் செப்பனிடத் தையும் மாசியுமே ஏற்ற காலம். எப்பூவை வளர்ப்பது என்பதினும், எம்மண்ணில் வளர்ப்பது என்பதே இங்கு முதன்மையான வினா என்பது எமது கருத்து.

காரணம் கூறுவோம். 1880 தொடங்கி 2001 பிப்ரவரி 28 வரை இச்சுரங்கங்கள் சுமார் 800 டன் பொன் ஈந்தன. பாறையை மாவாக அரைத்துச் சயனைடுக் கரைசலால் பொன்னைப் பிரித்தபின் எஞ்சிய கழிவு, மூன்று கோடி டன்னுக்கும் மேலாக ஊரின் நடுவே குன்றுகளாய் நிற்கின்றது. சயனைடு மேடு என்று மக்கள் வழங்கும் இக்குன்றுகளின் பொருள் மண் போலத் தோன்றினும் மண் அன்று. மண்ணென்பது கல்தூளோடு மக்கிய பொருளும் நுண்ணுயிர்களும் கூடிய ஒன்று. இதுவோ வெறுங் கல்தூள். நீர் பட்டால் இறுகி வேருக்குக் காற்றை மறுக்கும். கந்தகத் தாதுக்களின் எச்சமும் இதில் உண்டு. சயனைடு வெயிலில் நாளடைவில் சிதையும் என்பது உண்மையே. ஆயினும் நுரையீரலைக் கெடுக்கும் சிலிகா நுண்தூள் சிதைவதில்லை. எனவே, அருகில் இலவசமாகக் கிடைக்கின்றது என்று இதனைத் தொட்டிக்கு அள்ளுதல் கூடாது. சிறுவரை அள்ள அனுப்புதல் அறவே கூடாது.

தொட்டி மண்ணை நாமே ஆக்கிக்கொள்ளலாம். மேடுகளுக்கு அப்பால் எடுத்த செம்மண், கழுவிய மணல், நன்கு மக்கிய தொழுவுரம் ஆகிய மூன்றையும் சமபங்கு கலத்தல் போதும். தொட்டியின் அடித்துளையை ஓட்டுச்சில்லால் மூடுக. காய்கறித் தோலையும் சருகையும் மூன்று திங்கள் மக்கவிட்டால் வீட்டிலேயே உரம் கிடைக்கும்.

சாமந்தி பகற்பொழுது குறுகிய காலத்தில் பூப்பது. அதன் பூ ஓய்ந்ததும் தண்டை வெட்டிவிட்டு, அடியில் எழும் பக்கக்கன்றுகளைப் பிரித்து நடலாம். கார்த்திகை இறுதியில் கவாத்துச் செய்த குண்டுமல்லி பங்குனி முதல் பூக்கும். அதனை இப்போது மீண்டும் வெட்டலாகாது. மாசியில் காசித்தும்பை விதைக்கலாம். வெயில் ஏறுமுன் காலையில் நீர் ஊற்றி, மண்ணின்மேல் தென்னை நார் பரப்பினால் ஈரம் நிற்கும்.

இரசாயன உரம் விரைந்து பயன் தரும் என்பர். பரந்த வயலுக்கு அது பொருந்தலாம். தொட்டியின் சிறிதளவு மண்ணிலோ உப்புச் சேர்ந்து, வெயில் ஏற ஏற இலைநுனி கருகும். அசுவினி தோன்றினால், ஒரு லிட்டர் நீரில் ஐந்து மில்லிலிட்டர் வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம். குழந்தைகள் விளையாடும் முகப்பில் நச்சு மருந்து தெளிப்பது எவ்வாற்றானும் ஏற்புடைத்தன்று.

பூந்தொட்டி வைப்பதால் மேட்டுத் தூசு அடங்கிவிடுமோ எனச் சிலர் வினவக்கூடும். அடங்காது, மேடுகளைப் பசுமையால் போர்த்தி நிலைநிறுத்துவது பெரும்பணி, அரசின் பொறுப்பு. எனினும் அப்பணியின் இன்றியமையாமையை உணரும் தலைமுறையை ஆக்குவது ஆசிரியர் கையில் உள்ளது. மேட்டுத் தூளைத் தொடாமலே இதனைக் கற்பிக்கலாம். கழுவிய மணல் மட்டும் நிறைந்த தொட்டியிலும், மணலோடு தொழுவுரம் கலந்த தொட்டியிலும் ஒரே நாளில் காசித்தும்பை விதைக்கச் செய்க. ஆறு வாரங்களில் இரண்டின் உயரத்தையும் மாணவர் அளக்கட்டும். மேட்டில் ஏன் புல்லும் அரிதாக முளைக்கின்றது என்பதை அப்போது அவர்களே கூறுவர்.

களப்பணியாளர் தாம் செல்லும் வீடுகளில் செடியைப் பார்க்குமுன், தொட்டி மண் எங்கிருந்து வந்தது என்று கேட்பாராக. தங்கவயலில் அக்கேள்வியே தோட்டக்கலையின் முதற்பாடம்.