காருக்கு எண்ணெய் டப்பா தேவையா?

"டர்போ கார் வாங்கிவிட்டீர்களே, சார். ஆயில் கேட்ச் கேன் போட்டாச்சா?"

தாம்பரம் முதல் செங்கல்பட்டு வரை, கார் வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடினால் இந்தக் கேள்வி எழுகிறது.

அது என்ன கேன்? ஒரு டம்ளர், இரண்டு டம்ளர் பிடிக்கும் டப்பா. எஞ்சினில் கிளம்பும் எண்ணெய்ப் புகையை வழியில் மறித்து, எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சில ஆயிரம் ரூபாய் ஆகும். மாதத் தவணை கட்டிக் கார் ஓட்டும் குடும்பத்துக்கு இது சின்னப் பணம் அல்ல.

இந்தச் செலவு வேண்டுமா? பெரும்பாலான வீடுகளுக்கு வேண்டாம்!

கழுவ ஆள் இல்லை

பெட்ரோலும் காற்றும் எரியும் வேகத்தில் பிஸ்டன் கீழே இறங்குகிறது. அப்போது கொஞ்சம் வாயு, பிஸ்டன் வளையங்களின் இடுக்கு வழியாக அடியில் புகுந்துவிடும். அடியில் இருப்பது சூடான எஞ்சின் ஆயில். எண்ணெய்த் துளி, நீராவி, பெட்ரோல் ஆவி எல்லாம் கலந்து ஒரு புகை உண்டாகிறது.

அந்தக் காலத்துக் கார்கள் இந்தப் புகையை ஒரு குழாய் வழியாகத் தெருவிலேயே விட்டன. ஊர்க் காற்று கெட்டது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில், 1961-ம் ஆண்டு மாடல் கார்களில் இதற்கு ஒரு வழி செய்தார்கள். புகையைத் திரும்பவும் எஞ்சினுக்குள் இழுத்து எரித்துவிடுவது! இன்று எல்லாக் கார்களிலும் இதுதான் முறை.

சாதாரண எஞ்சினில் பெட்ரோல் வால்வுக்கு வெளியே தெளிக்கப்படுகிறது. அது வால்வின் முதுகைக் கழுவிக்கொண்டே உள்ளே போகும். டைரக்ட் இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் அப்படி இல்லை. பெட்ரோல் நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. வால்வைக் கழுவ ஆள் இல்லை!

வடை சுடும் அடுப்படிச் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே பிசுக்கு வால்விலும் ஏறி, சூட்டில் காய்ந்து கரியாகிவிடும். கரி மிஞ்சினால், காலையில் ஸ்டார்ட் செய்ததும் வண்டி உதறும். இழுவை குறையும். டர்போ உள்ள எஞ்சினில் அழுத்தம் அதிகம். அதனால் அடியில் இறங்கும் வாயுவும் அதிகம்.

மறைமலைநகர் கார்

தாம்பரத்துக்குத் தெற்கே உள்ளவர்களுக்கு இந்த எஞ்சின் புதிது அல்ல. மறைமலைநகர் ஃபோர்டு தொழிற்சாலையில் செய்த ஈகோஸ்போர்ட் காரில் 2013-லேயே 'ஈகோபூஸ்ட்' எஞ்சின் வந்தது. மூன்றே சிலிண்டர். அளவு 999 சி.சி. டர்போவும் உண்டு, டைரக்ட் இன்ஜெக்‌ஷனும் உண்டு. 2022-ல் அங்கே கார் உற்பத்தி நின்றுவிட்டது. பழைய கார்கள் ஓடுகின்றன. இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையில் இருந்து 2019-ல் வந்த வென்யூ டர்போவும் இதே ஜாதிதான்.

ஆனால் ஒரகடத்தில் செய்யும் ரெனோ கைகர், நிசான் மேக்னைட் கார்களின் சங்கதி வேறு. டர்போ உண்டு. பெட்ரோல் தெளிப்பதோ பழையபடி வால்வுக்கு வெளியே! அந்தக் காருக்குப் போய் இந்த டப்பாவை வாங்குவது வீண் செலவு. ஆகையால் முதலில் காரோடு கொடுத்த புத்தகத்தைப் பார்க்க வேண்டும். கடைக்காரரைக் கேட்பது அதற்குப் பிறகு.

டப்பாவில் விழுவது என்ன?

புகை டப்பாவுக்குள் நுழைந்ததும் வேகம் குறையும். சூடு தணியும். உள்ளே இருக்கும் வலையில் மோதித் துளித் துளியாக அடியில் இறங்கும். ரசச் சட்டியின் மூடியில் நீர் கோத்துக்கொள்வது போலத்தான். இதில் மோசடி ஒன்றும் இல்லை.

டப்பாவைத் திறந்து காட்டுகிறார்களே, அங்கேதான் மயக்கம் வருகிறது! உள்ளே பால் டீ நிறத்தில் ஒரு திரவம் இருக்கும். "இவ்வளவும் எஞ்சினுக்குள் போயிருக்கும், பார்த்தீர்களா!" என்பார்கள். பார்ப்பவர் உடனே பணத்தை எடுத்துவிடுவார்.

அந்த வெளுத்த நிறத்துக்குக் காரணம் தண்ணீர். நீராவி எஞ்சினுக்குள் போனாலும் வால்வில் கரியாக ஒட்டாது. சைலன்சர் வழியாக வெளியே போய்விடும். டப்பாவில் அரை டம்ளர் சேர்ந்தது என்றால், அரை டம்ளர் கரி தப்பியது என்று அர்த்தம் அல்ல.

இன்னொன்று. வால்வுத் தண்டின் ஓரமாகவும் எண்ணெய் கசியும். எரிந்த புகையில் கொஞ்சம் சிலிண்டரில் இருந்து எதிர்த்தும் வரும். இந்த இரண்டும் டப்பா பக்கமே போவது இல்லை. பிறகு டப்பா எப்படித் தடுக்கும்? அத்துடன், எண்ணெயைப் பிரிக்கும் அறையைப் புதிய எஞ்சின்களில் கம்பெனிக்காரர்களே வைத்து அனுப்புகிறார்கள். சுமார் 20 ஆண்டுகளுக்கு முன் வந்த ஐரோப்பியக் கார்கள் கரியால் பட்ட பாட்டைப் பார்த்துக் கற்ற பாடம் அது.

மறந்தால் ஆபத்து

டப்பா நிரம்பியதைக் கவனிக்காவிட்டால், எண்ணெய் மொத்தமாக உள்ளே இழுக்கப்படும். வண்டி புகை கக்கும். குழாய் மடிந்து அடைத்துக்கொண்டால், உள்ளே அழுத்தம் ஏறி, எஞ்சினின் சீல்களில் எண்ணெய் கசியும். வாரன்டி இருக்கும்போதே குழாயை அறுத்து டப்பா மாட்டினால், பின்னால் எஞ்சினில் கோளாறு வரும்போது கம்பெனியோடு மல்லுக்கு நிற்க வேண்டி வரலாம்.

புகையைத் திரும்ப உள்ளே விடாமல், வெளியே விடும் டப்பாவும் இருக்கிறது. அது கூடவே கூடாது. பாரத் ஸ்டேஜ் விதிகளின்படி, இந்தப் புகை கொஞ்சம்கூட வெளியே வரக் கூடாது. 1961-ல் விரட்டிய பேயை மறுபடியும் வீட்டுக்கு அழைப்பதா?

அந்தப் பணத்தில்...

தாம்பரம், சேலையூர், முடிச்சூர் பக்கம் பல வீட்டுக் கார்களுக்கு என்ன வேலை? பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவது. ஐயாவை ரயில் நிலையத்தில் விடுவது. எஞ்சின் நன்றாகச் சூடாவதற்குள் வண்டி வீடு திரும்பிவிடும். ஆயிலில் தண்ணீரும் பெட்ரோலும் தங்கிவிடும். வாரம் ஒரு முறை செங்கல்பட்டு வரை நிறுத்தாமல் ஓட்டிவிட்டு வந்தால், அவற்றில் பெரும்பகுதி ஆவியாகிவிடும்.

டப்பாவுக்கு வைத்த பணத்தில், கம்பெனி சொன்ன கெடுவுக்குச் சற்று முன்பே ஆயிலை மாற்றலாம். கார்ப் புத்தகத்தில் சொன்ன ரகமே வேண்டும். ஆயில் கேனில் 'ஏ.பி.ஐ. எஸ்.பி.' என்று இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். 2020-ல் வந்த தரம் இது. டர்போ டைரக்ட் இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் பெட்ரோல் நேரம் தவறி எரிந்து பிஸ்டனை உடைக்கும் கோளாறு உண்டு. அதைக் குறைப்பதும் இந்தத் தரத்தின் நோக்கங்களில் ஒன்று.

கரி ஏறியே விட்டாலும் கார் போய்விடாது. அக்ரூட் ஓட்டைப் பொடியாக்கி, காற்றோடு வேகமாகப் பீய்ச்சி வால்வைச் சுத்தம் செய்கிறார்கள். ஓடு கரியைச் சுரண்டும், இரும்பைக் கீறாது.

அப்படியானால் டப்பா யாருக்குத்தான்? வாரன்டி முடிந்த பழைய கார் வைத்திருப்பவர். நெடுஞ்சாலையில் விரட்டி ஓட்டுபவர். மாதம் தவறாமல் பானெட்டைத் திறப்பவர். அவர் தாராளமாக மாட்டிக்கொள்ளலாம். மார்கழிக் குளிரில் தண்ணீர் அதிகம் சேரும். வாரம் ஒரு முறை பார்ப்பது நல்லது. வடித்த எண்ணெயை ஒர்க்‌ஷாப்பில் பழைய ஆயில் பீப்பாயில் ஊற்ற வேண்டும். மழைநீர்க் கால்வாயில் கொட்டினால், முடிச்சூர்ப் பக்கத்துத் தண்ணீர் போய்ச் சேருவது அடையாற்றில்.