ஒதுக்கினால் போதாது, விழச்செய்து பார்க்க வேண்டும்

லினக்ஸ் சர்வர் ஒன்றின் கெர்னல் நிலைகுலைந்தால், அதை மறுபடி இயக்குவது எளிது. ஏன் விழுந்தது என்று கண்டறிவதுதான் கடினம். மறுஇயக்கத்தோடு தடயமும் போய்விடும். அந்தத் தடயத்தைக் காக்கவே 2005இல் வெளிவந்த 2.6.13 பதிப்பில் கேடம்ப் ஏற்பாடு சேர்க்கப்பட்டது. தனியே ஒதுக்கிய நினைவகத்தில் இரண்டாவது கெர்னல் ஒன்று காத்திருக்கும். முதலாவது விழுந்ததும் அது எழுந்து, விழுந்த கெர்னலின் நினைவகத்தைக் கோப்பாகச் சேமிக்கும். முதல் கெர்னல் தொடாத, தொடர்ச்சியான இடம் இதற்குத் தேவை. ஆகவே பூட் ஆகும்போதே, ‘கிராஷ்கெர்னல்’ என்ற ஒற்றைக் குறிப்பைப் படித்து அந்த இடம் ஒதுக்கப்படுகிறது. அந்தக் குறிப்பை எழுதிவிட்டாலே பாதுகாப்பு வந்துவிட்டது என்று நம்புவதுதான் இதில் உள்ள பெரிய ஆபத்து.

ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 9இன் இயல்பான குறிப்பையே எடுத்துக்கொள்வோம்: ‘1ஜி-4ஜி:192எம்,4ஜி-64ஜி:256எம்,64ஜி-:512எம்’. ஒவ்வொரு வரம்பிலும் கீழ் எல்லை சேரும், மேல் எல்லை சேராது. சரியாக 4 ஜிபி உள்ள இயந்திரத்துக்கு 256 எம்பி கிடைக்க வேண்டும். ஆனால் ஃபர்ம்வேர் தனக்கென்று கொஞ்சம் எடுத்துக்கொள்வதால், கெர்னலின் கண்ணுக்கு 4 ஜிபியை விடக் குறைவாகவே தெரியும். இதைச் சமாளிக்க மொத்த அளவை 128 எம்பியின் மடங்காக மேல்நோக்கி முழுமையாக்கிக்கொள்ளும் நிரல் வரி கெர்னலில் பின்னாளில் சேர்க்கப்பட்டது. 1 ஜிபிக்கும் குறைவென்றால் எந்த வரம்பும் பொருந்தாது, ஒதுக்கீடே நடக்காது. ஒரே குறிப்பு இருமுறை வந்தால் கடைசியில் உள்ளதே செல்லும். வரம்பின் முடிவு தொடக்கத்தைவிடச் சிறியதாக இருந்தால், பதிவேட்டில் ஓர் எச்சரிக்கை விழும். இயந்திரம் வழக்கம்போல எழுந்து ஓடும்.

பிழை இருந்தால் பூட் ஆவதையே நிறுத்திவிடலாமே என்று கேட்கலாம். கூடாது. விபத்துக்கான முன்னேற்பாட்டில் நேர்ந்த எழுத்துப்பிழைக்காக, நல்ல நிலையில் உள்ள சேவையை முடக்குவது நியாயமாகாது. கெர்னல் விட்டுக்கொடுப்பது சரிதான். அதனாலேயே சரிபார்க்கும் கடமை நிர்வாகியிடம் வந்து சேர்கிறது.

அளவைக் கெர்னலே கணித்துக்கொள்ளட்டும் என்பது அடுத்த வாதம். ரெட் ஹாட் முந்தைய பதிப்புகளில் ‘ஆட்டோ’ என்ற மதிப்பை வைத்திருந்தது. 9ஆம் பதிப்பில் அதைக் கைவிட்டு வெளிப்படையான வரம்புகளுக்கு மாறியது. தேவையான அளவு மொத்த நினைவகத்தை மட்டும் பொறுத்ததல்ல. எந்த டிரைவர்கள் ஏறுகின்றன, கோப்பு எங்கே சேமிக்கப்படுகிறது என்பதையும் பொறுத்தது. லக்ஸ்2 குறியாக்க முறையில் பூட்டிய வட்டைத் திறக்க, கடவுச்சொல்லைச் சாவியாக்கும் ஆர்கான்2 கணக்கீட்டுக்கு மட்டுமே 1 ஜிபி வரை வேண்டியிருக்கலாம். அங்கே 256 எம்பி என்ற குறிப்பு பிழையின்றிப் படிக்கப்படும், ஒதுக்கீடும் நடக்கும். ஆனால் வேண்டிய நேரத்தில் கோப்பு கிடைக்காது.

நினைவகம் வீணாகிறது என்ற மறுப்பில் ஓரளவு உண்மை உண்டு. 64 ஜிபி சர்வரில் 512 எம்பி என்பது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. 2 ஜிபி மெய்நிகர் இயந்திரத்திலோ 192 எம்பி என்பது ஒன்பது விழுக்காட்டைத் தாண்டும். ஒரே மாதிரி இயங்கும் சிறு இயந்திரங்கள் பல இருந்தால், சிலவற்றில் மட்டும் ஒதுக்குவது நியாயமான முடிவே. அதை அறிந்து எடுக்க வேண்டும். யாரும் கவனிக்காததால் நேர்ந்ததாக இருக்கக் கூடாது.

ஆகவே ஒதுக்கீடு செய்யும் ஒவ்வொரு சர்வரையும் பணியில் சேர்க்கும் முன் மூன்று சோதனைகளைக் கட்டாயமாக்க வேண்டும். ஒதுக்கிய அளவு பூஜ்யம் அல்ல என்று ‘கெக்ஸெக்_கிராஷ்_சைஸ்’ கோப்பில் பாருங்கள். இரண்டாவது கெர்னல் ஏறியிருக்கிறதா என்று ‘கெக்ஸெக்_கிராஷ்_லோடட்’ கோப்பில் பாருங்கள். பிறகு இயந்திரத்தை வேண்டுமென்றே ஒருமுறை விழச்செய்து, தடயக் கோப்பு முழுமையாக வந்து சேர்கிறதா என்று திறந்து பாருங்கள். மூன்றாவது சோதனையில் தேறாத சர்வரைப் பயன்பாட்டுக்கு விடாதீர்கள்.