பொருந்தாத விடையும் ஒரு பெயரும்

எதிர்பார்த்ததற்கு முரணான விடை கைக்கு வரும்போது ஓர் ஆய்வறிஞர் அதை என்ன செய்கிறார் என்பதே அவரை அளக்கும் கோல் என்பது நம் எண்ணம். கல்லீரலைப் பற்றிய அறிவு வளர்ந்த கதையில் இதற்கு இரண்டு நல்ல சான்றுகள் உண்டு. அவை மருத்துவர்க்கு மட்டும் உரியவை அல்ல. சொல்லோடு பழகும் நமக்கும் அவற்றில் வேலை இருக்கிறது.

முதற் சான்று, பிரெஞ்சு உடலியல் அறிஞர் கிளோது பெர்னார் (1813-1878). இளமையில் மருந்துக்கடை ஒன்றில் தொழில் பழகியபடியே நாடகம் எழுதியவர். கைப்பிரதியோடு பாரிசுக்குப் போனவரிடம், திறனாய்வாளர் ஒருவர் மருத்துவம் பயிலுமாறு அறிவுரை கூறினார். நாடக மேடை இழந்தது எதுவாயினும் மருத்துவம் பெற்றது பெரிது.

சர்க்கரையை ஆக்குவன தாவரங்களே; விலங்குகள் அதை உண்டு செலவழிக்க மட்டுமே வல்லன என்பது அக்கால அறிஞர்களின் கொள்கை. பெர்னார் நாய்க்கு இறைச்சியை மட்டுமே உணவாகக் கொடுத்துச் சோதித்தார். சர்க்கரையே உண்ணாத அந்த விலங்கின் கல்லீரலிலிருந்து வெளியேறிய குருதியில் சர்க்கரை நிறைந்திருந்தது! இது 1848இல் கண்டது.

அடுத்து நிகழ்ந்ததே நாம் சுட்ட விரும்புவது. ஒரே கல்லீரலில் இருமுறை சர்க்கரையை அளந்து ஒப்பிடுவது அவர் வழக்கம். ஒருநாள் நேரம் போதாமையால் ஓர் அளவீட்டை உடனேயும் மற்றதை மறுநாளும் செய்தார். மறுநாள் கிடைத்த அளவு மிகக் கூடுதலாக இருந்தது. கைப்பிசகு என்று ஒன்றைத் தள்ளியிருக்கலாம். இரண்டையும் கூட்டிச் சராசரி எழுதியிருக்கலாம். அவர் இரண்டையும் செய்யவில்லை. கல்லீரலின் குருதிக்குழாய்களில் நீரைப் பாய்ச்சி, சர்க்கரை அறவே நீங்குமாறு கழுவி, அப்படியே விட்டுவைத்தார். மறுநாள் அதில் சர்க்கரை மீண்டும் ஊறியிருந்தது. ஆகவே சர்க்கரையாக மாறவல்ல வேறொரு பொருள் உள்ளே சேமிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று துணிந்தார். 1857இல் அதைப் பிரித்தெடுத்தும் காட்டினார். அதுவே கிளைக்கோஜன். உண்டதைக் கொட்டிவைக்கும் வெறும் பத்தாயம் அன்று உடல். ஒன்றை மற்றொன்றாக ஆக்கும் பட்டறை என்பது தெளிவாயிற்று. இவ்வறிவுக்கு நாய்கள் தந்த விலையையும் மறைத்தல் ஆகாது. உயிர்வதையை வெறுத்த அவருடைய மனைவி பின்னாளில் அவரைப் பிரிந்தே வாழ்ந்தார்.

இரண்டாம் சான்று 1980இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்தது. நோய்க்கூற்றியல் அறிஞர் யூர்கன் லுட்விக்கும் உடன் பணியாற்றியோரும் 20 நோயாளிகளைப் பற்றி எழுதினர். நுண்ணோக்கியில் அவர்களின் கல்லீரல், குடிப்பழக்கத்தால் கெட்ட கல்லீரலைப் போலவே இருந்தது. அவர்களோ குடிப்பழக்கம் உடையவர் அல்லர். பெரும்பாலோர் உடல் பருத்தவர். நீரிழிவு உடையோரும் பலர். நோயாளி பொய் சொல்கிறார் என்று முடிப்பது எளிது. லுட்விக் குழுவினர் அவ்வாறு முடிக்கவில்லை. மதுவின்றியும் இவ்வழற்சி வரும் என்று கூறி அதற்குத் தனிப்பெயர் இட்டனர். கிளைக்கோஜன் கிடங்கு நிரம்பியபின் மிஞ்சும் சர்க்கரையைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றுகிறது என்பதும், இன்சுலின் செவ்வனே வேலை செய்யாத உடலில் கல்லீரலில் கொழுப்பு மேலும் சேர்கிறது என்பதும் இன்று அறிந்த செய்திகள். பெர்னார் கண்ட அதே பட்டறைதான் இங்கே அளவிறந்த சரக்கால் திணறுகிறது.

பெர்னார் பொருந்தாத எண்ணை மதித்தார். லுட்விக் பொருந்தாத வாய்மொழியை மதித்தார். இரண்டும் ஒரே பண்பு. ஆயின் இரண்டாவது, மனிதரின் மானத்தோடு தொடர்புடையது. கல்லீரல் கெட்டது என்றதும் "குடிப்பாரோ?" என்று கேட்கும் வாய் நம் ஊரில் இன்னும் அடங்கவில்லை. ஒரு துளி மதுவையும் தொடாத இல்லத்தரசி, ஸ்கேன் அறிக்கையை உறவினர் கண்ணில் படாமல் மடித்து வைக்க நேர்வது எத்துணைக் கொடுமை! அத்தகையோர் மருத்துவரிடம் போகவும் தயங்குவர். தொடக்கத்திலேயே உணவாலும் நடையாலும் தணிக்கத்தக்க நோய், தழும்பாகி முற்றிவிடும். குடித்தே நோயுற்றவராயினும் அவருக்கும் வேண்டுவது மருந்தேயன்றி ஏச்சு அன்று.

பழைய ஆங்கிலப் பெயரில் இருந்த மதுவைக் குறிக்கும் சொல்லும் கொழுப்பைக் குறிக்கும் சொல்லும் நோயாளியை இழிவுபடுத்துகின்றன என்று கருதி, 2023இல் பன்னாட்டு மருத்துவர் சங்கங்கள் கூடி அவ்விரண்டையும் நீக்கின. வளர்சிதை மாற்றக் கோளாற்றை முன்னிறுத்திப் புதுப்பெயர் சூட்டின. நாமோ 'கொழுப்புக் கல்லீரல்' என்றே எழுதிவருகிறோம். கொழுப்பு என்பது தமிழில் திமிருக்கும் பெயர் அன்றோ? "அவனுக்குக் கொழுப்பு" என்று நாம் ஏசும் சொல்லையே நோயாளியின் அறிக்கையிலும் எழுதுவது முறையா? 'வளர்சிதைக் கல்லீரல் நோய்' என்பது நாம் முன்வைக்கும் பெயர். இதனினும் எளிய, இனிய சொல் கிடைப்பின் அதையே ஏற்போம். பெயர் மாறினால் நோய் மாறாது. நோயுற்றவரை நாம் பார்க்கும் பார்வை மாறும். சொல்லாக்கம் தமிழ் கற்றோரின் கடமை. அன்பர்கள் சிந்திக்க வேண்டுகிறோம்.