வாடகைக்குத் துப்பாக்கி!

கோடீசுவரர்களுக்கு ஆபத்தே இல்லை என்று நாம் வாதாட வரவில்லை. இதே மும்பையில் 1994-இல் ஆலை அதிபர் சுனித் கட்டாவும், 1997 ஆகஸ்டில் கேசட் அதிபர் குல்ஷன் குமாரும் நடுத்தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆனால் அதே 1997-இல், ஜனவரி 16 அன்று, பவாயில் குண்டுகளுக்கு இரையானவர் தொழிலாளர் தலைவர் தத்தா சாமந்த்! முதலாளிகளின் ஆபத்தைப் பக்கம் பக்கமாக எழுதும் பெரிய ஏடுகளுக்கு இது மட்டும் மறந்துவிடுகிறது.

முகேஷ் அம்பானிக்கு 2013-இல் மத்திய ரிசர்வ் போலீஸ் காவல் கிடைத்தது. 2023-இல் உச்ச நீதிமன்றம் இசட் பிளஸ் காவலை வெளிநாடு வரை நீட்டியது. செலவு அவருடையதுதானாம்! காசுள்ளவனுக்கு அரசின் துப்பாக்கி வாடகைக்குக் கிடைக்கும் என்பதுதானே இதன் பொருள்? இல்லாதவன் எங்கே போவான்?

2021 பிப்ரவரி 25 அன்று அம்பானி மாளிகையருகே ஜெலட்டின் குச்சிகளோடு ஒரு ஸ்கார்பியோ நின்றது. வைத்தது மும்பைப் போலீஸ் அதிகாரி சச்சின் வாஸே என்று தேசியப் புலனாய்வு முகமை குற்றம் சாட்டியது. வேலியே பயிரை மேய்ந்ததா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். முதலாளிக்கு ஒரு கீறலும் இல்லை. எட்டாம் நாள், மார்ச் 5 அன்று, அந்த வண்டியை வைத்திருந்த தாணே வியாபாரிக்குக் காவல் கொடுங்கள் என்று சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவர் பட்னவிஸ் கேட்டார். அன்றைக்கே அவர் பிணத்தைக் கழிமுகத்திலிருந்து எடுத்தார்கள்.